வெள்ளைச் சட்டை சரி, தோளில் நாலு கோடு எதற்கு?

விமானப் பயிற்சி மாணவர்களும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் ஏர்லைன் விமானிகள் மாதிரி சீருடை போட வேண்டுமா என்பதுதான் இந்த முறை பேச்சு. நான் சிறிய ஒற்றை என்ஜின் விமானங்களில் பயிற்சி கொடுப்பவன். முதலில் அமெரிக்காவில் ஒரு சின்னப் பள்ளியில், இப்போது இந்தியாவில். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சேலத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்: சார், வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், டை, ஒரு கோடு போட்ட எபாலெட் (தோளில் மாட்டும் பட்டை) எல்லாம் வாங்கச் சொல்கிறார்கள். இல்லாமல் வந்தால் அன்றைக்குப் பறக்க முடியாதாம். இது சட்டமா?

உங்கள் பள்ளியின் விதி. சேரும்போது கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அதனால் போட்டுத்தான் ஆக வேண்டும். அதில் சண்டை போட்டு ஒரு நாள் பறப்பை இழக்காதீர்கள்.

ஆனால் சட்டை விமானியை உருவாக்குவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி 61.3ஐ எடுத்துப் பாருங்கள். உரிமம், மருத்துவச் சான்று, புகைப்பட அடையாள அட்டை, இவை கையில் இருக்க வேண்டும் என்கிறது. உடையைப் பற்றிப் பேச்சே இல்லை. அங்கே லுங்கி கட்டிக்கொண்டு பறந்தாலும் குற்றமில்லை. அது காலால் மிதிக்கும் ரட்டர் பெடலில் சிக்கும் என்பது வேறு கதை.

ஒரே ஒரு யோசனை: கட்டாயம் என்று சொன்னதை மட்டும் வாங்குங்கள். கோட்டும் தொப்பியும் அலமாரியில்தான் கிடக்கும்.

பொறியியல் மாணவி: இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன? விமானப்படையிலிருந்தா?

கடலிலிருந்து. ஆரம்பகால அஞ்சல் விமானிகள் தோல் ஜாக்கெட், கண்ணாடி, கழுத்தில் ஒரு துணி என்றுதான் பறந்தார்கள். திறந்த காக்பிட், குளிர், எண்ணெய்த் தெறிப்பு, அதற்கு ஏற்ற உடை. 1930களில் பான் அமெரிக்கன் (சுருக்கமாகப் பான் ஆம்) விமான நிறுவனம் தண்ணீரில் இறங்கும் பெரிய பறக்கும் படகுகளை ஓட்ட ஆரம்பித்தது. அவற்றுக்கு வைத்த பெயரே ‘கிளிப்பர்’, அந்தக் காலத்து வேகப் பாய்மரக் கப்பலின் பெயர். டிக்கெட் வாங்கக்கூடிய பணக்காரர்கள் அதுவரை சொகுசுக் கப்பலில் போய்ப் பழகியவர்கள். தோல் ஜாக்கெட் போட்ட சாகசக்காரனை நம்பி ஏறுவார்களா? ஆகவே கடற்படை அதிகாரி மாதிரி கருநீலக் கோட்டு, தொப்பி, தங்கக் கோடு. கேப்டன், ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) என்ற பதவிப் பெயர்களும் அதே வழியில்தான் வந்தன.

அப்புறம் மற்ற ஏர்லைன்களும் பிடித்துக்கொண்டன. கேப்டனுக்கு நாலு, ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு மூன்று, சில நிறுவனங்களில் இரண்டு. ஆக, இது பயணிக்குத் தைரியம் கொடுக்க வந்த உடை. பயிற்சி விமானத்தில் பயணி யார் என்று யோசித்துப் பாருங்கள். யாருமில்லை.

இளம் பயிற்றுநர்: எனக்கு 23 வயது. பள்ளியில் மூன்று கோடு கொடுத்திருக்கிறார்கள், தலைமைப் பயிற்றுநருக்கு நாலு. மாணவர்கள் ‘கேப்டன்’ என்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. கோடுகளைக் கழற்றினால் மரியாதை போய்விடுமா அண்ணா?

தம்பி, கூச்சம் வருகிறதே, அது நல்ல அறிகுறி. நம் ஊர் பறக்கும் கழகங்களில் சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் கையில் வந்த எல்லோரும் கேப்டன்தான், டீக்கடைக்காரர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார். அதை விடுங்கள். கோடுகள் விஷயம் கொஞ்சம் ஆழமானது.

செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், மாணவர் இடப்பக்கம், நீங்கள் வலப்பக்கம். இருவர் தோளும் உரசும். மாணவர் வலப்பக்கம் திரும்பும் முன், அந்தப் பக்கம் வேறு விமானம் இருக்கிறதா என்று பார்க்கத் தலையைத் திருப்புவார். அவர் கண்ணில் முதலில் படுவது வானம் இல்லை, உங்கள் தோளில் இருக்கும் கோடு. ஒவ்வொரு முறையும். ‘இவர் பெரியவர், நான் சின்னவன்’ என்று அந்தச் சட்டை சொல்லிக்கொண்டே இருக்கும். நாமோ அவரிடம் எதிர்பார்ப்பது வேறு: ‘சார், வேகம் குறைகிறது’, ‘சார், எதிரே ஒருத்தர் வருகிறார்’ என்று தயங்காமல் சொல்ல வேண்டும்.

இது வெறும் மனோதத்துவப் பேச்சு இல்லை. 1977 மார்ச் 27, கனேரித் தீவுகளில் டெனரிஃப். ஓடுபாதையில் நெதர்லாந்தின் கே.எல்.எம்., அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். கேப்டன் அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிக்கே தலைவர். பக்கத்தில் இருந்த ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 747 தகுதிச் சோதனை வைத்துப் பாஸ் போட்டதும் அவர்தான், சில மாதங்களுக்கு முன்பு. மூடுபனியில் கேப்டன் மேலெழும்ப விமானத்தை ஓட்ட ஆரம்பித்தபோது, பான் ஆம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று ஃப்ளைட் எஞ்சினியர் கேட்டார். கேப்டன் அழுத்தமாக மறுத்தார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அந்த விபத்துக்குக் காரணங்கள் பல: பனி, ஒரே நேரத்தில் பேசியதால் கேட்காமல் போன வானொலிச் செய்திகள், அவசரம். கோடுகள் விபத்தை உண்டாக்கின என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூத்தவரை மறுத்துப் பேசத் தயங்குவது ஆளைக் கொல்லும் என்ற பாடத்தை உலகம் அப்போதுதான் சரியாகப் படித்தது. காக்பிட் குழுவினர் ஒருவரையொருவர் கேள்வி கேட்கச் சொல்லித்தரும் சி.ஆர்.எம். பயிற்சி அதற்குப் பின் வளர்ந்ததுதான்.

ஏர்லைனில் கோடுகளுக்கு அர்த்தம் உண்டு. இருவர் சேர்ந்து ஓட்டும்போது கடைசி முடிவு யாருடையது என்று தெரிய வேண்டும். பயிற்சியில் அந்த வேலையை ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ (விமானம் இப்போது என் கையில்) என்ற ஒரு வாக்கியம் செய்துவிடுகிறது. ஆகவே முடிந்தால் கோடுகளைக் கழற்றிவிட்டுப் பெயர்ப்பட்டை மட்டும் குத்திக்கொள்ளுங்கள். பள்ளி விடாவிட்டால், முதல் பாடத்திலேயே மாணவரிடம் சொல்லிவிடுங்கள்: நான் தப்பு செய்தால் வாயைத் திறந்து சொல்லணும். சொன்ன முதல் நாள் பாராட்டுங்கள். மரியாதை அதிலிருந்து வரும்.

ஒரு தாயார், மதுரை: என் மகன் பயிற்சியில் இருக்கிறான். லீவுக்கு வரும்போது சீருடையோடு விமான நிலையம் வழியாக வருகிறான். சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் அதையே போட்டு வந்தான். போட்டோவில் நாலு கோடு! தப்பில்லையா?

அம்மா, கல்யாணத்தில் போட்டால் பெரிய தப்பில்லை. பல லட்சம் செலவு செய்தது நீங்கள், உங்களுக்கும் கொஞ்சம் பெருமை இருக்குமே. ஆனால் மாணவனுக்கு எப்படி நாலு கோடு? யாரிடமோ இரவல் வாங்கியிருக்கிறான். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

விமான நிலையத்துக்கு மட்டும் வேண்டாம். 2019இல் டெல்லி விமான நிலையத்தில் ஒருவர் லுஃப்தான்சா கேப்டன் மாதிரி உடையணிந்து, போலி அடையாள அட்டையோடு வந்து பிடிபட்டார். வரிசையில் நிற்காமல் போவதற்காகத்தான் அந்த வேஷம். அதனால் கோடு போட்ட இளைஞனைப் பார்த்தால் பாதுகாப்பு வீரர்கள் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். உள்ளே போக அனுமதி தருவது நுழைவு அட்டைதான், சட்டை இல்லை. பயணியாக வருகிறவன் பயணியாகவே வரட்டும். தவிர, நடுவானில் யாராவது பதறி ‘நீங்க பைலட்தானே?’ என்று கேட்டால் உங்கள் பையன் என்ன சொல்வான்?

தூத்துக்குடிக்காரர்: மே மாதத்தில் சட்டை, பனியன், டை எல்லாம் போட்டுக்கொண்டு ஏ.சி. இல்லாத செஸ்னாவில் உட்கார்ந்தால் அவிந்து போகிறோம். பாலியஸ்டர் சட்டை வேறு. பாதுகாப்பு என்று பார்த்தால் எது நல்லது?

நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. மற்றவர்கள் பார்வைக்கு எது நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்கள், நீங்கள் எது காப்பாற்றும் என்று கேட்கிறீர்கள்.

முதலில் நெருப்பு. பாலியஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி எரியும், ஆனால் உருகி ஒட்டாது. ராணுவ விமானிகள் போடும் முழு ஆடை நோமெக்ஸ் என்ற தீ தாங்கும் இழையில் செய்வது இதனால்தான். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் கடையில் சட்டை வாங்கும்போது காலருக்குள் இருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். நூறு சதவீதப் பருத்தி என்றால் கசங்கும், தினமும் இஸ்திரி போட வேண்டும். பரவாயில்லை, போடுங்கள். உள் பனியனும் பருத்தியாக இருக்கட்டும்.

டை. காலை ஆய்வில் என்ஜின் மேல் குனிந்து எண்ணெய் அளவுக் கம்பியை இழுக்கிறீர்கள், இறக்கைக்குக் கீழே உட்கார்ந்து சின்னக் கோப்பையில் எரிபொருள் பிடித்து, நீல நிறம்தானா, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறீர்கள். அதற்கெல்லாம் நடுவில் தொங்கும் டையும் கழுத்து அட்டையும் தொல்லை. இன்னொரு ஆள் என்ஜினைக் கிளப்பிய விமானத்தின் பக்கத்தில் நடந்தால் தொல்லை இல்லை, ஆபத்து. கட்டியே ஆக வேண்டுமென்றால் இழுத்தால் கழன்று வரும் கிளிப் டை வாங்குங்கள்.

எபாலெட்டின் கீழே தோள் பெல்ட் போகும்போது பொத்தான் சிக்கும், ஹெட்செட் ஒயரும் அதில் மாட்டும். கதவைத் திறந்து குதிக்க வேண்டிய ஒரு நாளில் எதுவும் சிக்கக் கூடாது. ஏறி உட்கார்ந்ததும் ஒரு முறை பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், எது மாட்டுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கடைசியாகக் காலணி. யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தடித்த அடி கொண்ட பளபளா ஷூவில் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்று காலுக்குத் தெரியாது. மெல்லிய அடி, மூடிய ஷூ. சீருடைப் பட்டியலில் எல்லாம் இருக்கும், இது இருக்காது.

டெக்சாஸில் பயிலும் மாணவர்: இங்கே எல்லோரும் டி-ஷர்ட், ஜீன்ஸ். என் பயிற்றுநர் அரை டிராயரில் வருகிறார். இந்தியாவில் படிக்கும் நண்பர்கள் ‘இதெல்லாம் ஒரு பள்ளியா’ என்று கேலி செய்கிறார்கள்.

கேலியை விடுங்கள். விமானத்தின் பராமரிப்புப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா, பயிற்றுநர் நேரத்துக்கு வருகிறாரா, பறந்து முடித்ததும் உட்கார்ந்து பேசுகிறாரா என்று பாருங்கள். அங்கே பெரும்பாலான பயிற்றுநர்கள் ஏர்லைனில் சேரத் தேவையான 1,500 மணி நேரப் பறப்பு அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள். 2013 முதல் அந்த விதி. அவர் மனசு அடுத்த வேலையில் இருக்கிறதா உங்கள் மேல் இருக்கிறதா என்பதை டிராயர் சொல்லாது. தேர்வு நாளில் மட்டும் காலர் வைத்த சட்டை போட்டுப் போங்கள்.

ஒரு நன்மையும் உண்டு. முதல் முறை தனியாகப் பறந்து இறங்கியதும் சட்டையின் பின்பக்கத்தை வெட்டிச் சுவரில் மாட்டுவது அமெரிக்கப் பழக்கம். முன்னும் பின்னுமாக உட்கார்ந்த பழைய விமானங்களில் பயிற்றுநர் மாணவரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துக் கவனம் திருப்புவாராம், இனி அது தேவையில்லை என்று விளக்கம் சொல்வார்கள். டி-ஷர்ட் என்றால் வெட்டட்டும் என்று விட்டுவிடலாம்.

பெண் பயிற்சியாளர்: எங்கள் அளவில் சட்டையே கிடைப்பதில்லை. ஆண்கள் சட்டையில் எபாலெட் தோளைத் தாண்டித் தொங்குகிறது.

தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள், பள்ளி செலவைத் தர வேண்டும் என்று கேளுங்கள். 1936இல் லாகூரில் சரளா தக்ரால் என்ற ஆரம்பகால இந்தியப் பெண் விமானி ஜிப்ஸி மாத் என்ற சின்ன விமானத்தைப் புடவையோடு தனியாக ஓட்டினார். புடவை கட்டிப் பறக்கச் சொல்லவில்லை, திறந்த காக்பிட்டில் முந்தானையை எப்படிச் சமாளித்தார் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம். உடம்புக்குப் பொருந்தாத சட்டையைப் போட்டுக்கொண்டு நீங்கள் ஏன் சமாளிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

வார இறுதியில் பொழுதுபோக்குக்குப் பறப்பவர்: நான் ஒரு செட் வாங்கலாமா?

வேண்டாம். அந்தக் காசுக்கு எரிபொருள் போடுங்கள்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்: நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் சீருடையால் ஒழுங்கு வருகிறது. பணக்காரப் பையன், கடன் வாங்கிச் சேர்ந்த பையன் என்ற வித்தியாசம் தெரிவதில்லை. அது சின்ன விஷயமா?

ஐயா, சின்ன விஷயமே இல்லை. கடன் வாங்கிச் சேர்ந்த மாணவர்களை நான் தினமும் பார்க்கிறேன். காலை ஆறு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்பவன் வானிலை அறிக்கையையும் படித்துவிட்டு வருவான் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. அதனால்தான் சீருடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கையில் பள்ளியைக் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பருத்திச் சட்டை, மார்பில் பெயர், முதுகில் தூரத்திலிருந்தே தெரியும் பள்ளிப் பெயர். மாணவர், பயிற்றுநர், தலைமைப் பயிற்றுநர் எல்லோருக்கும் அதேதான். விமானம் நிற்கும் இடத்தில் மேலே பளிச்சென்ற பிரதிபலிப்பு மேலாடை. கோடு கிடையாது. கோடு வேண்டுமென்றால் ஏர்லைன் கொடுக்கும், அன்றைக்கு அதற்கு மதிப்பும் இருக்கும்.

சேலம் மாணவரே மறுபடியும்: சார், முதல் நாளே வெள்ளைச் சட்டையில் என்ஜின் எண்ணெய் பட்டுவிட்டது. எப்படிப் போக்குவது?

துவைக்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பைக் கறை மேல் தேய்த்து அரை மணி ஊறவிடுங்கள், பிறகு வெந்நீரில் அலசுங்கள். எரிபொருள் பட்டிருந்தால் முதலில் வெளியே நிழலில் காயப்போட்டு வாடை போன பிறகே துவைக்க எடுங்கள். வாஷிங் மெஷினிலோ அடுப்புப் பக்கத்திலோ கொண்டுபோகாதீர்கள்.