புதுத் தொழிலுக்குக் கைக்காசு போடுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்?

தெரிந்தவர் தொடங்கும் தொழிலுக்குச் சொந்தப் பணம் போடுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கியில் பழைய கணக்கைக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். கோட்டு போட்டவரைத் தேட வேண்டாம். மாமா, சித்தப்பாவிடம் போங்கள்.

நானாகச் சொல்லவில்லை. பாப்சன் கல்லூரியும் லண்டன் பிசினஸ் ஸ்கூலும் 1999இல் தொடங்கிய உலகத் தொழில்முனைவு ஆய்விலும் இதுதான் தெரிகிறது. பணம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்கள், நண்பர்கள், அண்டை வீட்டார், கூட வேலை செய்தவர்கள். முன்பின் தெரியாதவர்கள் குறைவு. சொந்தத் தொழில் பார்த்தவர்களே மற்றவர்களுக்கும் அதிகம் போடுகிறார்கள். நெருங்கிய சொந்தம் என்றால் லாபத்தைப் பெரிதாக எதிர்பார்ப்பதும் இல்லை.

நானும் அந்த ரகம்தான். மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கடை போட்டவன். 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அக்கா மகன் வந்தான். ஏர்கோன் சர்வீஸ் தொழில். திட்டம், கிட்டம் எதுவும் இல்லை, சட்டைப்பையில் 555 என்கிற சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்று. எந்த வீடு, எத்தனை ஹார்ஸ்பவர் ஏர்கோன், எப்போது கேஸ் அடித்தது என்று வரிசையாக எழுதியிருந்தான். பாக்கி வைத்தவர்கள் பெயர் சிவப்பு மையில், பக்கத்திலேயே போன் போட்ட தேதி. வசூல் பண்ணத் தெரிந்தவன்! பழைய வேனுக்கும் வெக்யூம் பம்புக்கும் 18,000 ரிங்கிட் கொடுத்தேன்.

எழுதி வாங்கினீர்களா என்று கேட்பீர்கள். வாங்கினேன். அக்கா ரொம்ப நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். வட்டி கிடையாது, லாபத்தில் பங்கு மட்டும். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அத்தான் என்னை ஆலோங், அதாவது கந்துவட்டிக்காரன், என்று ஊரெல்லாம் சொன்னார். அது போகட்டும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நான் கூப்பிடுவதற்கு முன்பே பையன் கூப்பிட்டான்: “மாமா, இந்த மாசம் ஒன்னும் இல்ல.” என்னைப் போன்றவர்களுக்கு இது போதும். பணம் லேட்டாக வரலாம், சேதி லேட்டாக வரக்கூடாது.

அப்புறம், பையனின் கடைத் திறப்பு விழாவுக்கு ஒரு ஒய்பியை, அதாவது மக்கள் பிரதிநிதி ஒருவரை, கூப்பிட்டிருந்தார்கள். ரொம்ப லேட்டாக வந்தார், ரிப்பன் வெட்டினார், போட்டோ எடுத்தார்கள். ஆட்டுக்கறியும் முதலில் அவருடைய ஆட்களுக்குத்தான். ஒரு காசு போடாதவர். நான் தட்டோடு வரிசையில் நின்றேன், எனக்கு வந்தது குழம்பு மட்டும்.