அழித்த கர்னல் எப்படி ஓடுகிறது?

கேள்வி: ஸ்லாக்வேர் லினக்ஸ் 15.0 வைத்திருக்கிறேன். கர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) 5.15.19-ஐ எடுத்துவிட்டு 5.15.145-ஐ நானே கையால் போட்டேன். பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் அப்கிரேட்பிகேஜி ஒரு பிழையும் காட்டவில்லை. ரீபூட் செய்தால் சிஸ்டம் எழுந்து வருகிறது, ஆனால் வைஃபை இல்லை, சவுண்டும் இல்லை. ஓடும் கர்னலின் எண்ணைக் காட்டும் யூநேம் கொடுத்துப் பார்த்தால் 5.15.19 என்றே சொல்கிறது. அதைத்தான் நீக்கிவிட்டேனே?

பதில்: கர்னலை எழுப்பும் பூட்லோடரான லிலோவை மறுபடி ஓட்ட மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். லிலோவுக்கு ஃபைல் பெயரெல்லாம் பூட் நேரத்தில் தெரியாது. கடைசியாக அதை ஓட்டியபோது கர்னல் டிஸ்க்கில் எந்தெந்த பிளாக்குகளில் இருந்ததோ அந்த எண்களை மட்டும் குறித்து வைத்திருக்கும். ஃபைலை நீக்கினாலும் அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படும்வரை பழைய கர்னல் அங்கேயேதான் கிடக்கும், அதனால் எழுந்துவிட்டது. ஆனால் அதன் மாட்யூல்கள் (தேவைப்படும்போது கர்னலில் சேரும் துண்டுகள்) இருந்த ஃபோல்டரை அப்கிரேட்பிகேஜி சுத்தமாகத் துடைத்துவிட்டது. வைஃபை டிரைவரும் சவுண்ட் டிரைவரும் அதற்குள்தான் இருந்தன.

புதிய கர்னல் ஏற்கெனவே பூட் ஃபோல்டரில் இருப்பதால் நெட் தேவையில்லை. பூட்டுக்கு வேண்டிய டிரைவர்கள் உள்ளேயே இருக்கும் ஹியூஜ் கர்னல் என்றால் ரூட்டாக லிலோவை ஒருமுறை ஓட்டி ரீபூட் செய்யுங்கள், போதும். அவை மாட்யூல்களாக வெளியே இருக்கும் ஜெனரிக் என்றால் அதற்கு முன்னால் எம்கே-இனிட்ஆர்டி கொண்டு புது இனிட்ஆர்டி (பூட்டின் தொடக்கத்தில் அந்த மாட்யூல்களைத் தரும் ஃபைல்) செய்ய வேண்டும், அதில் 5.15.145 என்று நீங்களே வெர்ஷனைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் எண்ணை எடுத்துக்கொண்டு, இல்லாத மாட்யூல்களைத் தேடும். நான் ஒருமுறை இதில் மாட்டி, ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற கர்னல் பேனிக்கை ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தடவை கர்னலுக்கும் மாட்யூல்களுக்கும் மட்டும் அப்கிரேட்பிகேஜி வேண்டாம், இன்ஸ்டால்பிகேஜி போடுங்கள். இரண்டு வெர்ஷனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். லிலோ கான்ஃபிக்கில் பழையதற்கும் ஒரு பகுதி எழுதுங்கள், அதில் வெறும் விஎம்லினஸ் (vmlinuz) என்று போடாமல் வெர்ஷன் எண்ணோடு முழுப் பெயரையும் கொடுங்கள், ஏனென்றால் வெறும் பெயர் ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு ஃபைலைக் காட்டும் சுட்டி, அது புதியதன் பக்கம் திரும்பிவிடும். அப்டேட்களை நெட்டிலிருந்து இறக்கிப் போடும் ஸ்லாக்பிகேஜி பயன்படுத்துகிறவரானால் அதன் பிளாக்லிஸ்ட்டில் கர்னல் பேக்கேஜ்களைச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அது தன் பாட்டுக்கு அப்கிரேட் செய்துவிடும். ஒரு வாரம் புதியது ஒழுங்காக ஓடினால் பழையதை ரிமூவ்பிகேஜியால் எடுத்துவிட்டு, கான்ஃபிக்கில் அதற்கென்று எழுதிய பகுதியையும் அழித்து, மறுபடி லிலோ.

யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர்) மெஷினில் லிலோவின் இடத்தில் இலிலோ என்றாலும் இதே கதைதான், அங்கே கர்னலின் நகல் இஎஃப்ஐ பார்டிஷனில் இருக்கும், புதியதை நீங்கள்தான் அங்கே காப்பி செய்ய வேண்டும்.