ஆவி சொன்ன ரகசியமும் அக்காளின் பங்கும்

மலேசியாவின் பினாங்கு மாநில ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தைச் சுருக்கியும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் தருகிறேன். இரவில் ஒளிபரப்பாகும் ஓர் அமானுஷ்யத் தொடரின் அண்மைய அத்தியாயத்தில், நிச்சயதார்த்த வீட்டுப் பூசையறை விளக்கு தானாக அணைய, மணப்பெண்ணின் மேல் ஓர் ஆவி இறங்குகிறது. அது வீட்டுத் தலைவியையும் அவருடைய தங்கையையும் பார்த்து, இந்த வீட்டு மூத்த பெண் உங்கள் வயிற்றில் பிறந்தவள் அல்லள் என்றும், தோட்டத்து லயன் வீட்டில் காய்ச்சலில் கிடந்த தன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் பிள்ளையையும் கழுத்துச் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு போனீர்கள் என்றும் குற்றஞ்சாட்டுகிறது. வாசகியின் மூத்த அக்காள், 1966-இல் சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாக எடுத்து வளர்க்கப்பட்டவர். குடும்பத்துப் பெரியவர்கள் சிலர் மட்டுமே அறிந்திருந்த இச்செய்தியைத் தெரிந்த தாய்மாமன் மகன், அத்தொடரின் தயாரிப்புக் குழுவில் வேலை பார்க்கிறார். வீட்டின் அமைப்பும், சங்கிலியில் கோத்திருந்த பழைய வெள்ளிக்காசும், சின்னம்மாவின் கன்னத்து மச்சமும்கூட அத்தியாயத்தில் அப்படியே இருந்தனவாம். தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தாயார் உயில் எழுதாமல் சென்ற ஆண்டு மறைந்தார். வீடு தாயார் பெயரில் உள்ளது. அத்தியாயம் வெளிவந்த மறுநாளே தம்பியர் இருவரும், அக்காளுக்கு வீட்டில் பங்கில்லை என்று குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதிவிட்டார்கள். தொலைக்காட்சிமீது வழக்குப் போடலாமா, அக்காளின் பங்கு என்னவாகும் என்பவை வாசகியின் இரு கேள்விகள்.

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் முதல் கேள்விக்கு மூன்று பக்கமும் இரண்டாவதற்கு நான்கு வரியும் ஒதுக்கியிருக்கிறீர்கள். கோபம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது புரிகிறது. ஆனால் சட்டத்தின் கனம் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. ஆகவே முதலாவதை வேண்டிய அளவுக்கு மட்டும் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

ஒலிபரப்பாகும் சொற்கள் காற்றோடு போகிற பேச்சல்ல. எழுத்தில் அச்சிட்டதற்குச் சமமான நிலையான வெளியீடாகவே 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு அவற்றைக் கருதுகிறது. எனவே பண நட்டம் ஏற்பட்டது என்று தனியே காட்டாமலே வழக்குத் தொடரலாம். அதற்கு ஆறு ஆண்டு அவகாசமும் உண்டு. தொடரின் தொடக்கத்தில் பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்று போடும் அட்டை, தயாரிப்பாளர்கள் நம்புகிற அளவுக்குப் பெரிய கவசம் அன்று. 1910-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கில், ஒரு பத்திரிகை கற்பனையாகப் படைத்ததாகச் சொன்ன ஆர்டெமஸ் ஜோன்ஸ் என்ற பெயரில் உண்மையாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார். எழுதியவரின் எண்ணம் எதுவாயினும், படித்தவர்கள் அது அவரே என்று நியாயமாக நினைத்தார்களா என்பதே கேள்வி என்று அங்கே நிலைநிறுத்தப்பட்டது. 1934-இல் ரஷ்ய இளவரசி யூசுபோவ், தம் பெயரே வராத ஒரு திரைப்படத்துக்காக எம்.ஜி.எம். நிறுவனத்திடம் 25,000 பவுன் இழப்பீடு பெற்றதும் இதே வழியில்தான். திரையில் நாம் இன்று காணும் அந்தக் கற்பனை அட்டை பரவலானதற்கு அவ்வழக்கே காரணம் என்று சொல்வதுண்டு. நம் நாட்டு நீதிமன்றங்களும் இவ்வகை ஆங்கிலத் தீர்ப்புகளைப் பின்பற்றி வருவதால், காசும் மச்சமும் ஒத்துப்போவது உங்களுக்குச் சாதகமே.

ஆனால் யார் வழக்காடுவது என்பதில்தான் சிக்கல். தாயாரின் பெயருக்கு நேர்ந்த இழுக்குக்காக நீங்கள் நட்டஈடு கேட்க இயலாது. ஒருவர் இறந்தபின் அவருடைய வழக்குரிமைகள் பெரும்பாலும் வாரிசுகளிடம் தொடர்ந்தாலும், அவதூறு அவற்றில் சேராது என்று 1956-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 8-ஆவது பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. இறந்தவர்மீது பழி சுமத்துவதைத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 499-ஆவது பிரிவின் முதல் விளக்கம் குற்றமாக்குகிறது என்பது உண்மையே. எனினும் நெருங்கிய உறவினரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்ததென்று காட்ட வேண்டும். பார்வையாளரைப் பயமுறுத்தும் நோக்கம் அதற்குப் போதாது. அக்காளுக்கும் வழக்கில்லை, வளர்ப்புப் பிள்ளை என்று ஒருவரைச் சொல்வது நியாயமாகச் சிந்திப்போர் கண்ணில் அவரைத் தாழ்த்துவதாகாது. அது அவரை எவ்வளவு உலுக்கியிருக்கும் என்பது வேறு, அவதூறு என்பது வேறு. மிஞ்சுபவர் சின்னம்மா ஒருவரே. சாகக் கிடந்த பெண்ணின் சங்கிலியைக் கழற்றியதாக ஆவி விரல் நீட்டுவது உயிரோடிருக்கும் அவரை நோக்கி என்பதால், வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவரும் அவர்தான். வழக்கறிஞர் கடிதம் அனுப்பினால், அவரை மனத்தில் வைத்து எழுதவில்லை என்று சொல்லி, சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி திருத்தமும் மன்னிப்பும் வெளியிட எதிர்த்தரப்பு முன்வரக்கூடும். அந்த அளவில் முடித்துக்கொள்வது சின்னம்மாவின் வயதுக்கு நல்லது என்பது என் எண்ணம்.

மாமன் மகன்மீது நம்பிக்கைத் துரோகம் என்று வழக்காட, செய்தி இரகசியத் தன்மை உடையதாகவும், இரகசியம் காக்கும் கடப்பாட்டோடு அவரிடம் சொல்லப்பட்டதாகவும், அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்ததை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார் என்று நீங்களே எழுதியிருப்பதால் இரண்டாவது அம்சம் ஆட்டம் காண்கிறது. தனிமையுரிமைக்கென்று நம்மிடம் பொதுச் சட்டம் இல்லை. பினாங்கு உயர் நீதிமன்றம், சம்மதமின்றி நோயாளியின் அந்தரங்கப் படங்களை எடுத்த மருத்துவர் மீதான வழக்கில் அவ்வுரிமையை ஏற்றிருக்கிறது. ஆனால் கேட்ட கதையைப் பாத்திரமாக்குவது அதற்கு வெகுதூரம். ஒரு குடும்பத்தின் வரலாற்றுக்குப் பதிப்புரிமையும் கிடையாது. அத்தியாயத்தின் துண்டுக்காட்சியை ‘இது நம் வீட்டுக் கதை’ என்ற குறிப்போடு உறவினர்களுக்கு அனுப்புவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அடையாளம் தெரியாமல் பார்த்தவர்களுக்கும் அடையாளம் காட்டிக் கொடுப்பது அந்தக் குறிப்புதான்.

இனி அக்காளின் பங்கு. உயிலின்றி இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. கணவரும் பெற்றோரும் இல்லாத நிலையில் தாயாரின் சொத்து முழுவதும் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை. எனவே நால்வரும் பிள்ளைகள் என்றால் ஆளுக்குக் கால் பங்கு, மூவர்தாம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. பிள்ளை யார் என்பதற்கு அச்சட்டத்தின் 3-ஆவது பிரிவு விளக்கம் தருகிறது: 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி தத்தெடுக்கப்பட்டவர் பிள்ளையாவார், வேறு வகையில் தத்தெடுக்கப்பட்டவர் ஆகார்.

நம் சமூகத்தில் பல குடும்பங்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 1952-இல் ஒன்றல்ல, இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். அந்த ஆணை கிடைத்தால் பிள்ளை, திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு இணையாகிவிடும். தத்துப் பதிவுச் சட்டத்தின் கீழோ நீதிமன்றம் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து வளர்த்ததைக் காட்டித் தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துகொண்டால் போதும். எளியது, செலவு குறைந்தது என்பதால் தோட்டப்புறத்தில் பலர் இரண்டாவது வழியில் போனார்கள். வளர்க்கவும் காக்கவும் அது உரிமை தரும், மரபுரிமை தராது. கையில் சான்றிதழ் இருக்கிறது, முத்திரை இருக்கிறது என்று நாற்பது ஆண்டுகள் நிம்மதியாக இருந்தவர்கள், பெற்றோர் மறைந்தபின் நில அலுவலகத்தில் முதல்முறையாக இதைக் கேட்டுத் திகைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா இரண்டு சாட்சிகள் முன் ஒரே தாளில் ஓர் உயில் எழுதி வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்று அப்போதெல்லாம் சொல்லத் தோன்றும். காலங்கடந்து சொல்லி என்ன பயன் என்று வாயை மூடிக்கொள்வேன்.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. உங்கள் கடிதத்தில் ‘அக்காளின் பிறப்புப் பத்திரத்தில் அம்மா, அப்பா பெயர்தான் இருக்கிறது’ என்ற ஒரு வரி என்னை நிறுத்தியது. நீதிமன்ற ஆணைக்குப் பின் புதிதாக வழங்கப்பட்ட பத்திரமாகவும் அது இருக்கலாம்; அக்காலத்தில் சிலர் செய்ததுபோல், யாரோ சொல்லி, தாம் பெற்ற பிள்ளையாகவே நேரடியாகப் பதிந்ததாகவும் இருக்கலாம். பதிந்த தேதி பிறந்த தேதிக்கு எவ்வளவு பிந்தியது, பிறந்த இடமாக எந்த ஊர் குறிக்கப்பட்டிருக்கிறது, தகவல் தந்தவர் யார் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். பெற்ற பிள்ளையாகவே பதியப்பட்டிருந்தால், பத்திரத்தில் உள்ளது உண்மையென்றே தொடக்கத்தில் கொள்ளப்படும். இல்லையென்பவர்தாம் மெய்ப்பிக்க வேண்டும். அப்படி மெய்ப்பிக்கப் புறப்படும் தம்பியர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பொய்த் தகவலில் பதிந்த பத்திரம் என்று அவர்கள் இலாகாவில் கிளப்பும் கேள்வி வீட்டோடு நிற்காது. இந்த வயதில் அக்காளின் அடையாள அட்டையையும் குடியுரிமையையும் தொட்டு அது எங்கெங்கோ போய்விடக்கூடும்.

மெய்ப்பிக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? தொலைக்காட்சி அத்தியாயம் சான்றாகாது. 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்கிறது. கண்டதைச் சொல்பவர் கண்டவராக இருக்க வேண்டும். அதற்கு விலக்காக 32-ஆவது பிரிவு, இறந்துபோன ஒருவர் சொன்னதையும் சில சமயங்களில் ஏற்கிறது. இரத்த உறவு, திருமணம், தத்து ஆகியவற்றைப் பற்றித் தனிப்பட அறிந்த ஒருவர், தகராறு எழுவதற்கு முன்பே சொன்ன சொல் அவ்வாறு ஏற்கப்படும். பாட்டி உயிரோடிருந்தபோது யாரிடமாவது சொல்லியிருந்தாலோ எழுதி வைத்திருந்தாலோ அது நீதிமன்றத்தில் பேசும். இறந்தபின் இன்னொருவர் மேல் இறங்கிச் சொல்வதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. குறுக்கு விசாரணைக்கு அழைக்க முடியாத சாட்சி அது.

இன்னொன்றை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 1987-இல் வீடு வாங்கியபோது அக்காள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, மாதத் தவணையைப் பன்னிரண்டு ஆண்டுகள் தம் சம்பளத்திலிருந்து கட்டினார் என்கிறீர்கள். அவருடைய பிறப்பு எதுவாயினும் இந்த உண்மை தனியே நிற்கும். பத்திரத்தில் தாயார் பெயர் இருந்தாலும், பணம் கொடுத்தவருக்காக அந்த அளவுக்கு அவர் வீட்டை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தார் என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். அது தாயாருக்கு மகள் கொடுத்த அன்பளிப்பு என்று தம்பியர் எதிர்வாதம் செய்வார்கள். எனவே பழைய வங்கிப் புத்தகங்கள், சம்பளச் சீட்டுகள், தவணை இரசீதுகள் ஆகியவற்றுக்குத் தங்கத்தின் மதிப்பு உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு, தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி வீட்டுப் பத்திரத்தின்மீது தனியார் கேவியட் என்னும் தடைக்குறிப்பைப் பதியலாம். அது நிற்கும் வரையில், ஆறு ஆண்டுக் காலம், வீட்டை அவருக்குத் தெரியாமல் பெயர் மாற்றவோ விற்கவோ முடியாது. வாரிசு என்ற உரிமையை மட்டும் காட்டிக் கேவியட் பதிந்தால் அது தள்ளுபடியாகும் அபாயம் உண்டு. பணம் கட்டியவர் என்ற அடிப்படையைத்தான் முன்வைக்க வேண்டும்.

50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாத, உயிலில்லாத, நிலமும் அடங்கிய சொத்து என்பதால், தம்பியர் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் மனுச் செய்யக்கூடும். அதில் பிள்ளைகள் மூவர் என்று எழுதினால், நீங்கள் கையொப்பமிடாதீர்கள். விசாரணை நாளில் நேரில் சென்று, நான்காமவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய நிலை இன்னும் தீரவில்லை என்று அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். இறுதியில் சட்டப்படி அக்காளுக்குப் பங்கில்லை என்றே முடிந்தாலும், உங்கள் பங்கிலிருந்து அவருக்குக் கொடுப்பதை எவரும் தடுக்க முடியாது. அப்போது விதிக்கப்படும் முத்திரை வரி, வாரிசுகளுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு உரியதைப்போல் இராது என்பதால் கையொப்பமிடுமுன் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, அம்மாவின் பெட்டியில் நீதிமன்ற முத்திரையுள்ள ஆணையோ பதிவு இலாகாவின் தத்துச் சான்றிதழோ இருக்கிறதா என்று தேடுவது. கிடைக்காவிட்டால், அக்காளே அடையாள அட்டையோடும் பிறப்புப் பத்திரத்தோடும் வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்று, தம் பெயரில் தத்துப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்களோ தம்பியரோ அவருக்காகப் போக வேண்டாம். அந்தத் தாளில் இருப்பதை முதலில் படிக்க வேண்டியவர் அவர்தான். ஏற்கெனவே ஒருமுறை அவர் அதை எல்லாரோடும் சேர்ந்து தொலைக்காட்சியில் கேட்க நேர்ந்திருக்கிறது.