கார்ட்டில் போட்டவர் ஏன் பணம் கட்டவில்லை?

கேள்வி: சென்னிமலைப் போர்வை, பெட்ஷீட், துண்டு எல்லாம் இணையத்தில் விற்கிறோம். 140 டிசைன் இருக்கிறது. நிறையப் பேர் கார்ட்டில் போடுகிறார்கள், பணம் கட்டும் இடத்தில் போய்விடுகிறார்கள். மனித மூளைக்கு ஏழுக்கு மேல் தாங்காது, டிசைனை ஏழாகக் குறையுங்கள் என்கிறார் தளம் செய்து கொடுத்தவர். கூடவே ‘2 மட்டுமே மிச்சம்’ என்று எல்லாப் பொருளிலும் போடவும், தலையணை உறைக்கு முன்பே டிக் போட்டு வைக்கவும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: மூன்றும் வேண்டாம். முதல் யோசனை தப்பான நோய்க்கு மருந்து. மற்ற இரண்டும் உங்களைச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஏழு என்ற எண் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அது குறுகிய கால நினைவைப் பற்றியது. கண்முன் திரையில் இருக்கும் பெட்ஷீட்டை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லையே! நினைவுச் சுமை வருவது வேறு இடத்தில். டெலிவரி கட்டண விதியை முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, கணக்கை மூன்றாம் பக்கத்தில் வாடிக்கையாளரிடம் விட்டால் அங்கே வரும்.

“தேர்வு அதிகமானால் விற்பனை குறையும்” என்பவர்கள் காட்டும் இன்னொரு சான்று, ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஜாம் பரிசோதனை. கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் 24 ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம்பேர்தான் வாங்கினார்கள். 6 வைத்தபோது 30 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது போன்ற சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2010இல் வந்த ஆய்வில் சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். வாங்க வருபவருக்கு என்ன வேண்டும் என்றே தெரியாமல், பொருள்களை ஒப்பிடவும் கடினமாக இருந்தால்தான் எண்ணிக்கை தொல்லை தருகிறது. பட்டுக்கடைக்காரர் சேலைகளைக் குறைத்து வைப்பதில்லை, “என்ன விசேஷம், எந்த ரேஞ்சில் பார்க்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு எடுத்துப் போடுகிறார். கட்டில் அளவு, விலை, நிறம் என்று மூன்று வடிகட்டி வைத்தால் 140 டிசைனும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதைவிட முக்கியமாக, உங்கள் வாடிக்கையாளர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார். கார்ட்டில் போட்டாயிற்றே. அதற்குப் பிறகு நிற்பது தேர்வுக் குழப்பமல்ல, தீராத ஒரு சந்தேகம். சிலர் கார்ட்டைச் சும்மா குறித்து வைக்கும் இடமாகவும் பயன்படுத்துவார்கள். உலக அளவிலேயே சுமார் 70 சதவீதக் கார்ட்டுகள் பாதியில் நின்றுபோகின்றன. அதனால் எல்லோரையும் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

பெட்ஷீட்டில் பெரிய சந்தேகம் அளவுதான். கடைகள் 90க்கு 100 என்று அங்குலத்தில் போடுகின்றன. வாங்குபவருக்குத் தெரிந்தது “நம்ம வீட்டுக் கட்டில் அஞ்சுக்கு ஆறரை” என்பது மட்டும். “5க்கு 6½ அடி மெத்தையில் விரித்தால் பக்கத்துக்கு 15 அங்குலம் தொங்கும்” என்று எழுதிப் படமும் போட்டால், அவர் டேப் தேடி எழுந்து போக மாட்டார். அப்படி எழுந்து போனவர் திரும்பி வருவது அரிது. துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சாயம் போகுமா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பணம். டெலிவரி சேர்த்து மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வரும், பிடிக்காவிட்டால் யார் செலவில் திருப்பி அனுப்புவது: இந்த மூன்றும் கார்ட் பக்கத்திலேயே தெரிய வேண்டும். கடைசித் திரையில் திடீரென்று 80 ரூபாய் கூடினால், தொகையைவிட ஏமாற்றப்பட்ட உணர்வுதான் ஆளை விரட்டுகிறது.

கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறீர்களா? அதையும் எடுங்கள். வடிவமைப்பு ஆலோசகர் ஜாரெட் ஸ்பூல் எழுதியிருக்கிறார்: ஒரு பெரிய அமெரிக்கக் கடையின் தளத்தில் ‘பதிவு செய்க’ பட்டனை ‘தொடர்க’ என்று மாற்றி, கணக்கு இல்லாமலும் வாங்கலாம் என்று எழுதியதும், வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்களாம். உங்கள் கடைக்கு அதே 45 வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் மொபைல் எண்ணும் முகவரியும் போதாதா என்ன?

சரி, அந்த டிக் விஷயம். முன்பே போட்டு வைத்ததை மக்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை, உண்மைதான். அதனால்தான் சட்டம் தலையிடுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைத் தடை செய்கின்றன. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், இல்லாத அவசரத்தைக் காட்டுவதும் அதில் உண்டு. உண்மையிலேயே இரண்டுதான் மிச்சம் என்றால் தாராளமாகப் போடுங்கள். தலையணை உறையைப் பக்கத்தில் காட்டி, டிக்கை வாடிக்கையாளரிடம் விடுங்கள்.

இவற்றை மாற்றிய பிறகு ஐந்து பேரைப் பிடியுங்கள், சொந்தக்காரர்கள் வேண்டாம். அவரவர் போனில், “உங்க வீட்டுக் கட்டிலுக்கு ஒன்று வாங்குங்க” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். “பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள். நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததைத்தான் மிக அதிகம் பேர் எடுத்தார்கள். காரணம் கேட்டால், வைத்திருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. துணி விற்கும் உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது, எங்கே பின்னால் போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வடிவங்களைப் போட்டு எது அதிகம் விற்கிறது என்று ஒப்பிடும் சோதனையையும் தளம் செய்தவர் சொல்லக்கூடும். நாளுக்குப் பத்து, இருபது ஆர்டர் வரும் கடையில் தற்செயல் எது, பலன் எது என்று பிரிக்க மாதக்கணக்காகும். இப்போதைக்கு அந்தச் சோதனைக்கு ஆகும் பணத்தை அளவுப் படங்களுக்குச் செலவழியுங்கள்.