வாசல் தூணில் உரசும் கார்: எழுபதைக் கடந்த அப்பா வண்டி ஓட்டலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 72. கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாதம் இரண்டு முறை தானே காரை ஓட்டிக்கொண்டு வருகிறார். சில மாதங்களுக்குள் இரண்டு முறை காரின் இடப்பக்கம் எங்கள் வாசல் தூணில் உரசிவிட்டது. பேட்டையில் சாலை வேலை நடந்த ஒரு நாள், வண்டிகளை மேலப்பாளையம் வழியாகத் திருப்பி விட்டதில், முக்கால் மணி நேரம் சுற்றி அலைந்து வந்து சேர்ந்தார். கண் மருத்துவரோ பார்வை 6/6 என்று சொல்லிவிட்டார். பேச்செடுத்தால், "ஏளா, நீ பொறக்கதுக்கு முந்தியே இந்த ரோட்டுல வண்டி ஓட்டுதவன் நான்" என்கிறார். சாவியை வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: சாவியை இன்றே பிடுங்கி வைக்க வேண்டிய அளவுக்கு நீங்கள் எழுதியவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் 6/6 என்று எழுதிய சீட்டை நம்பிச் சும்மா இருந்துவிடவும் கூடாது. அந்த எண், அசையாத எழுத்தை, நல்ல வெளிச்சத்தில், நேருக்கு நேர் பார்த்து வாசிக்க முடிகிறதா என்பதை மட்டுமே சொல்கிறது. நாற்பது வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்துக்காக மருத்துவரிடம் வாங்கும் படிவம் 1ஏ-யிலும் பார்வை பற்றிய முக்கியக் கேள்வி, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பதுதான். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் நம்பர் பிளேட்டைப் படிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இடப்பக்கம் நெருக்கி வரும் ஷேர் ஆட்டோ, வலப்பக்கம் முந்தும் பேருந்து, முன்னால் திடீரென நிற்கும் பைக் ஆகிய மூன்றையும் ஒரே பார்வையில் வாங்கி, அவற்றுக்கு நடுவே தன் வண்டியின் அகலம் எவ்வளவு என்று கணக்கிட வேண்டியிருக்கிறது. வயது ஏற ஏற முதலில் சுருங்குவது இந்தத் திறன்தான். ஓரக்கண்ணில் பட்டதை மூளை உடனே எடுத்துக்கொள்ளும் பரப்பு, கவனம் இரண்டு இடத்தில் பிரியும்போது, இளைஞர்களைவிட முதியவர்களுக்கு வெகுவாகக் குறைகிறது.

வெளிச்சமும் ஒரு காரணம். கண்மணி சுருங்குவதாலும் கண்ணின் வில்லை மஞ்சளித்துப் போவதாலும், அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேர்கிறது. எதிர் வண்டியின் விளக்கு கண்ணில் அடித்த பின் பார்வை தெளியவும் கூடுதல் நேரம் பிடிக்கும். கார், பிசானம் ஆகிய இரு நெல் பருவங்களின் அறுவடைக் காலங்களில் பின்விளக்கு இல்லாமல் நெல் மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டரை இரவில் சேரன்மகாதேவிப் பக்கம் எதிர்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்கள் அப்பாவின் பாதைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் கிழக்கு நோக்கிப் பாளையங்கோட்டைக்கு வருகிறார், மாலையில் மேற்கே பொதிகை மலையை நோக்கித் திரும்புகிறார். இரண்டு வேளையும் சூரியன் முகத்துக்கு நேரே நிற்கிறது. காலை பத்து மணிக்கு மேல் புறப்பட்டு, மாலை மூன்று மணிக்கெல்லாம் இங்கிருந்து கிளம்பிவிட்டால், எந்த மருந்தும் இல்லாமல் ஆபத்தில் ஒரு நல்ல பங்கு குறையும்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு வந்து வலப்பக்கம் திரும்பும்போது அவர் எப்படித் திரும்புகிறார்? முதிய ஓட்டுநர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது, எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்பும் இடங்களில்தான். (அமெரிக்க ஆய்வுகளில் இதை இடப்பக்கத் திருப்பம் என்று எழுதியிருப்பார்கள், சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாம் அதை வலப்பக்கம் என்று மாற்றிப் படிக்க வேண்டும்.) 80 மீட்டர் தள்ளி ஒரு பைக் வருகிறது என்று வையுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அது உங்களை எட்ட 7 வினாடி ஆகும். 70-இல் வந்தால் 4 வினாடிதான். நின்ற காரை எடுத்து வளைத்துச் சாலையைக் கடக்கவே நான்கைந்து வினாடி போய்விடும். வயதானவர்கள் எதிர் வண்டியின் வேகத்தைவிட, அது எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பதை வைத்தே முடிவெடுக்கும் போக்கு உடையவர்கள். அதிலும் பைக் சிறியதாக இருப்பதால் இன்னும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். பிரேக்கை மிதிக்க அரை வினாடி தாமதமானால், 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் அதற்குள் ஏறத்தாழ 8 மீட்டர், அதாவது இரண்டு கார் நீளம், ஓடியிருக்கும்.

இனி தூணுக்கு வருவோம். கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். முன்பம்பரின் இடமுனையில் இருந்தால் நுழையும் கோணம் தவறியிருக்கிறது. பின்கதவிலும் அதற்குப் பின்னும் இழுபட்டிருந்தால், முன்பக்கம் உள்ளே வந்ததும் ஸ்டியரிங்கைச் சற்று முன்கூட்டியே ஒடித்திருக்கிறார். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் இடப்பக்கம் எப்போதும் மதிப்பிடக் கடினமான பக்கம். கழுத்து முன்போலத் திரும்பாதவருக்கு அது இன்னும் கடினம். இருக்கையைச் சற்று உயர்த்தி, இடப்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி, தூணில் தரையிலிருந்து இடுப்பளவுக்கு வெள்ளை அடித்தாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

ஆனால் எப்போதும் இடப்பக்கம் மட்டுமே தவறுகிறது என்றால் நான் வேறொன்றையும் பார்ப்பேன். அடுத்த முறை வாழை இலை போட்டுச் சாப்பிடும்போது கவனியுங்கள். இலையின் இடப்பக்கத்தில் வைத்த உப்பும் ஊறுகாயும் பொரியலும் தொடப்படாமல் இருக்க, வலப்பக்கம் மட்டும் காலியாகிறதா? கதவு நிலையில் இடத்தோள் இடிக்கிறதா? மூளையின் வலப்பாதியில், வெளியே தெரியாமல் வந்து போன ஒரு பக்கவாதம், இடப்பக்கத்தையே கவனத்திலிருந்து அழித்துவிடக்கூடும், பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. கண்நீர் அழுத்த நோயும் (கிளாக்கோமா) நடுப்பார்வையை 6/6 ஆக விட்டுவைத்து, ஓரப்பார்வையை மெல்லத் தின்னும். ஆகவே கண் மருத்துவரிடம் மறுபடி போய், எழுத்துப் பலகையோடு நிறுத்தாமல், ஃபீல்டு டெஸ்ட் என்று பரவலாகச் சொல்லப்படும் பார்வைப்பரப்புச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கண்புரை இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வழி தவறியதைப் பற்றி நீங்கள் பயப்படுவது புரிகிறது. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியும் அதை ஒட்டிய புறணியும் (மூளையின் மேலடுக்கு) சேர்ந்துதான் இடங்களின் வரைபடத்தை வைத்திருக்கின்றன. அந்த வரைபடத்தை உருவாக்கும் உயிரணுக்களைக் கண்டறிந்ததற்காக ஜான் ஓ'கீஃபுக்கும், மோசர் தம்பதியினருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. வயதாகும்போது இந்த வரைபடம் மங்க, மூளை வேறொரு முறைக்கு மாறிக்கொள்கிறது: பத்தமடை தாண்டினால் இது, சுத்தமல்லி விலக்கு வந்தால் அது என்று, வழியை ஒரு மாலை போலக் கோத்து நினைவில் வைப்பது. மாலை அறுபடாத வரை குறையே தெரியாது. திருப்பி விட்ட அன்று உங்கள் அப்பாவுக்கு அது அறுந்துபோனது. அறியாத குறுக்குப்பாதையில் திணறுவது இந்த வயதில் பலருக்கும் நேர்வதே. மாறாக, தடையில்லாத ஒரு நாளில், அதே வழக்கமான சாலையில், வீரவநல்லூரில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் போனால், அது வயதின் வேலை அல்ல. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தொடுவது அந்த ஹிப்போகேம்பஸை ஒட்டிய புறணியையே. அப்படி ஒரு முறை நடந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இலையின் இடப்பக்கம் தொடப்படாமல் கிடந்தாலும், பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் அதேதான். அங்கே பேரம் இல்லை.

இவை எதுவும் இல்லையென்றால், அவருடன் ஒரு முறை முழுத் தூரமும் போய்வாருங்கள். 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் அந்த வழியில் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை வண்டிகள் அவரைப் பார்த்து ஹாரன் அடித்தன, எத்தனை முறை உங்கள் கால் தானாகவே தரையில் பிரேக்கைத் தேடியது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். ஏழெட்டு முறை தேடியிருந்தால், உங்கள் பிள்ளையை அவரோடு தனியே அனுப்புவீர்களா என்ற கேள்விக்கு உங்கள் கால் பதில் சொல்லிவிட்டது.

மாத்திரைப் பையையும் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். முந்தின இரவு போட்ட தூக்க மாத்திரை, சளிக்காகக் கடையில் வாங்கிய மாத்திரை, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரையைத் தாழ்த்திவிடும் சர்க்கரை மாத்திரை ஆகியவை நல்ல ஓட்டுநரையும் கெடுக்கும்.

55 வயதுக்கு மேல் உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், அந்தத் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டு, குடும்ப மருத்துவரிடம் முன்கூட்டியே இந்த உரசல்களைச் சொல்லிவையுங்கள். மகள் சொல்வதைவிட மருத்துவர் சொல்வது அவர் காதில் எளிதாக ஏறும், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. இரவையும் மழையையும் முதலில் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். பகலில் கல்லிடைக்குறிச்சிக்குள் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டட்டும். பாளையங்கோட்டை வருவதற்குச் செங்கோட்டை – திருநெல்வேலி பாசஞ்சர் ரயில் அவர் ஊரிலேயே நிற்கிறது. ஜங்ஷனில் நீங்கள் போய் அழைத்துக்கொண்டால் போதும்.