உரம் வேண்டாத செடியும் பில் வாங்காத கையும்: கேள்வி-பதில்

கேள்வி (காங்கேயம்): எங்கள் கொறங்காட்டில் (வேலி கட்டிய மேய்ச்சல் காடு) 2 ஏக்கர் சும்மா கிடக்கிறது. "பயோடீசலுக்குக் காட்டாமணக்கு வையுங்க, தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம், கொட்டையை நாங்களே எடுத்துக்கறோம்" என்று நாற்றுக்காரர் ஒருவர் நடையாய் நடக்கிறார். வைக்கலாமா?

பதில்: அந்த ஆள் இன்னுமா நடக்கிறார்! 2006-இல் என்னிடமும் ஒருவர் வந்தார். அப்போது ஊரெல்லாம் அதே பேச்சு. 2003-லேயே மத்திய திட்டக்குழு காட்டாமணக்கைத் தூக்கிப் பிடித்திருந்தது. பல்லடம் பக்கம் எங்கள் மேட்டுக்காட்டில் 600 நாற்று வைத்தேன். வளர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆடு கடிக்கவில்லை, வெயிலுக்கும் சாகவில்லை. ஆனால் செடி சாகாமல் நிற்பது வேறு, காய்ப்பது வேறு. மூன்றாம் வருஷம் மொத்தக் காட்டையும் பொறுக்கியும் ஒரு கோணிச்சாக்கு நிரம்பவில்லை. "எடுத்துக்கறோம்" என்றவரின் போன் அதற்கு முன்பே அணைந்துவிட்டது.

உரம் வேண்டாம் என்பதுதான் இதில் பெரிய பொய். கொட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அந்த எண்ணெய் மண்ணிலிருந்து பெரிதாக எதையும் எடுப்பதில்லை. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) எல்லாம் பிண்ணாக்கிலும் தோலிலும் தங்கிவிடும். பிண்ணாக்கைத் திரும்பக் காட்டுக்குப் போட்டால் சரி. கொட்டையாகவே லாரியில் ஏற்றினால் உங்கள் மண்ணின் சத்தும் சேர்ந்துதான் லாரி ஏறுகிறது. அதை ஈடுகட்ட உரம் போட வேண்டும். அந்த உரம் வேலை செய்ய ஈரம் வேண்டும். மலை மழையை மறைக்கிற பக்கம் கிடக்கிற நம் மானாவாரிக்கு ஈரம் எங்கிருந்து வரும்?

அப்புறம், கொறங்காடு சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது? கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லும் நாலு வெள்வேல மரமும் நின்றால் மாடு மேய்கிறது, எரு விழுகிறது. நாற்றுக்காரரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (அந்தியூர்): கிணற்றுப் பாசனத்தில் மூன்று வருஷக் காட்டாமணக்கு. யூரியா தாராளமாகப் போட்டேன். ஆளுயரத்துக்கு மேல் தழைத்திருக்கிறது, காயைக் காணோம். கடைக்காரர் இன்னொரு மூட்டை போடச் சொல்கிறார்.

பதில்: யூரியா கொடுப்பது தழைச்சத்து. பெயரிலேயே இருக்கிறதே, தழைக்காமல் என்ன செய்யும்? மணிச்சத்தும் சாம்பல் சத்தும் குறைந்த இடத்தில் தழைச்சத்தை மட்டும் கொட்டினால் இலைதான் மிஞ்சும். காட்டாமணக்குக்குக் கிளை நுனியில்தான் பூங்கொத்து வரும். அதிலும் ஆண் பூ கூட்டமாக இருக்கும், பெண் பூவை விரல்விட்டு எண்ணலாம். அதனால் கவாத்து செய்து (கிளை நுனியை வெட்டி) பக்கக் கிளைகளைக் கூட்டுங்கள். மண் பரிசோதனை பற்றி ஒரு வரி எழுதவில்லை. செய்திருக்க மாட்டீர்கள். செய்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (தாராபுரம்): எத்தனால் ஆலைக்குப் போகிற மக்காச்சோளத்துக்குத் தனி உரம் என்று ஒரு டப்பா 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அவசியமா?

பதில்: தன் மணி கோழித் தீவனத்துக்குப் போகிறதா, பெட்ரோலில் கலக்கப் போகிறதா என்று பயிருக்குத் தெரியாது. இறவை வீரிய ஒட்டு ரகத்துக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 250:75:75 கிலோ. ஏக்கர் கணக்கில் சுமார் நாலேகால் மூட்டை யூரியா, ஒன்றேகால் மூட்டை டிஏபி (தழையும் மணியும் சேர்ந்த உரம்), ஒரு மூட்டை பொட்டாஷ். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள்: அடியுரமாகக் கொஞ்சம், 25-ஆம் நாள் பாதி, 45-ஆம் நாள் மீதி. டப்பா இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

கேள்வி (கோபி): யூரியா கேட்டால் கூடவே ஒரு பாட்டில் திரவ உரமும் வாங்கினால்தான் தருவேன் என்கிறார்கள்.

பதில்: அப்படிக் கட்டிவிடக் கூடாது. 45 கிலோ மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. அதற்கு மட்டும் பில் கேளுங்கள். மறுத்தால் வட்டார வேளாண் உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

கேள்வி (நாமக்கல்): பில்லோடு வாங்கிய டிஏபி தண்ணீரில் போட்டால் மண்ணாக அடியில் நிற்கிறது. கடையில் கேட்டதற்கு, "விவசாயி எல்லாம் நுகர்வோர் ஆகமாட்டார், போய்யா" என்றார். பயிரும் போய்விட்டது.

பதில்: கடன் வாங்கி உரம் போட்டவரைப் பார்த்து "போய்யா"வா? படித்ததும் வயிறு எரிந்தது. விதை வாங்கிய விவசாயி நுகர்வோர்தான் என்று 2012-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரம் வாங்கிய நீங்களும் தைரியமாகப் போகலாம். பிரிக்காத மூட்டை ஒன்றாவது இருந்தால் தைத்த வாய் தைத்தபடியே இருக்கட்டும். வேளாண் அலுவலரை வைத்து முறைப்படி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே பிரித்துக் கொண்டுபோனால் வழக்கில் நிற்காது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள் போக வேண்டும். உரத்துக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்கள். விடாதீங்க.

கேள்வி (பெருந்துறை): காட்டாமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா?

பதில்: விஷம். மண்ணுக்கு மட்டும்.

கேள்வி (சென்னிமலை): விலை கம்மி என்று வேனில் வந்தவரிடம் 10 மூட்டை டிஏபி வாங்கினேன். பில் இல்லை, வண்டி நம்பரும் தெரியாது. நல்ல சரக்குதானா?

பதில்: வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். நாலு குருணையை உள்ளங்கையில் வைத்து, புகையிலைக்குத் தேய்ப்பதுபோல் சுண்ணாம்பு சேர்த்துத் தேயுங்கள். நெடி மூக்கில் ஏறினால் பிழைத்தீர்கள். ஏறாவிட்டால் எனக்கு எழுத வேண்டாம், நானும் வேனைத் தேட முடியாது.