என் ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல்) தம்பிக்கு ஏற்றி மூன்று மாதம் ஆகிறது. வெள்ளை அணு எண்ணிக்கை சரியாகிவிட்டது. பாம்பனில் மறுபடி கடல் தொழிலுக்குப் போகலாமா?

இப்போது வேண்டாம். வெள்ளை அணு கூடியதை வைத்து எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

உங்கள் ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜையில் தங்கியதும் முதலில் உண்டாக்குவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு வகை. இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். ரிப்போர்ட்டில் ஏறியிருப்பது பெரும்பாலும் அதுதான். டி செல் என்ற இன்னொரு வெள்ளை அணு வகை அப்படியில்லை. மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸுக்குப் போய்த் தேறித்தான் வெளியே வரும். வயது ஏற ஏறத் தைமஸ் சுருங்கும், கீமோவும் அதைப் பாதிக்கும். அதனால் டி செல் தேற ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் போய்விடும். டாக்டர் சொல்லும் வரிசையில் திரும்பப் போட வேண்டும். தட்டம்மை போல உயிருள்ள கிருமி கொண்ட ஊசி இரண்டு வருடத்துக்கு முன் கூடவே கூடாது.

எச்.எல்.ஏ. (திசுப் பொருத்தம் பார்க்கும் அடையாளம்) முழுதாகப் பொருந்தியிருந்தாலும், உங்களிடமிருந்து போன டி செல்கள் தம்பியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமென்று தாக்கலாம். அதை அடக்கத்தான் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகே காலை மருந்தைப் போட வேண்டும். முன்பே போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், டோஸைத் தவறாகக் குறைத்துவிடுவார்கள். வெயிலும் இந்தத் தாக்குதலைக் கிளப்பும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்த்தி.

வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. கெளுத்தி முள் குத்தினாலோ சிப்பி கிழித்தாலோ காயம் வழியாக ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கரையில் இருந்து வலை அலசுவதும் மீன் ஆய்வதும் வேண்டாம். நண்டு, கணவாய் நன்றாக வெந்திருக்கட்டும். காய்ச்சாத பதநீர் வேண்டாம்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். மதுரை தூரம், முதல் ஊசியை ராமநாதபுரம் அரசு மருத்துவமனையிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எப்போதும் கையில் இருக்கட்டும்.

‘எதிர்ப்புச் சக்தி கூட்டும் ஸ்டெம் செல் ஊசி’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் வரும் மெசன்கைமல் செல்கள் (இன்னொரு வகை ஸ்டெம் செல்) டி செல்லை அடக்கும் தன்மை கொண்டவை.

அடுத்த பரிசோதனையில் சிடி4 (டி செல்லில் ஒரு வகை) எண்ணிக்கையைக் கேளுங்கள். அது 200-ஐத் தாண்டி, அடக்கும் மருந்தும் நின்ற பிறகு கடலைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.